சுமைதாங்கி முதல் மின்னேற்ற நிலையம் வரை

ஒரு நாட்டின் பெருவழிகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அவ்வழிகளை அமைத்த அரசர் யாவர், அவற்றின் வழியே சென்ற படைகள் யாவை என்பனவற்றையே பெரிதும் வினவுவர். வழிநடந்தோர் எங்கே இளைப்பாறினர், அவர்தம் எருதுகள் எங்கே நீர் அருந்தின, அந்நீர் எல்லார்க்கும் உரியதாய் இருந்ததா என்னும் வினாக்கள் அருகியே எழுகின்றன. ஆயினும் ஒரு வழி உண்மையிற் பொதுவழியாவதும் ஆகாததும் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்தன. வீதி திறந்திருந்தும், இடைவழியில் நீரும் உணவும் கிடையாவெனின், அது அடைபட்ட வீதியே.

மின்சார மோட்டார் வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில் இப்பழைய வினா புதிய உருவில் எழுந்துள்ளது. ஒரு கம்பனி தன் வண்டிகளுக்கென அமைத்த மின்னேற்ற நிலையத்தில், வேறொரு கம்பனி செய்த வண்டியும் மின்னேற்றம் பெறலாமா என்பதே அவ்வினா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இதற்கு விடை தேடிய வரலாற்றை, வன்னிப் பெருநிலத்து வழிகளின் வரலாற்றோடு இணைத்து நோக்குதல் பயனுடையது.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளைத் தன்னகத்தே கொண்ட வன்னி, காடும் குளமும் வயலும் நிறைந்த நிலம். இங்கு ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. மக்கள் தொகையோ சிறிது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அரைக் கட்டைக்கு ஒரு சந்தியும் சந்திக்கு ஒரு கடையும் உண்டு. வன்னியிலே பல கட்டை தூரம் காட்டினூடே நடந்த பின்னரே ஒரு குடிமனையைக் காண்டல் கூடும். ஆதலின் இடைவழி உதவி என்பது இந்நிலத்தில் வசதிக்குரிய பொருளாக அன்றி, உயிருக்குரிய பொருளாகவே கருதப்பட்டு வந்தது.

வடபுலத் தமிழர் தம் வழிகளின் ஓரத்தே சுமைதாங்கிகளை நாட்டினர். பிள்ளையை வயிற்றிற் சுமந்தவாறே இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை அமைக்கும் வழக்கமும் இருந்தது. கால்நடைகள் உடலை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கற்களை நட்டனர், கேணிகளை வெட்டினர், மடங்களைக் கட்டினர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் செல்லும் அடியாருக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பது அறமாகப் போற்றப்பட்டது. கண்டி வீதியிலே முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் நிற்கின்றன. சாரதி இறங்கித் தேங்காய் உடைக்கிறார்; பிரயாணிகள் கச்சான் வாங்குகின்றனர். நிற்பது லொறியா, பஸ் வண்டியா, எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்று அங்கு ஒருவரும் கேட்பதில்லை.

ஆயினும் அப்பழைய ஒழுங்கில் எல்லாம் நிறைவாய் இருந்தன என்று கொள்ளல் தவறு. சுமைதாங்கி எல்லார்க்கும் பொதுவாயிற்று. கிணறு அவ்வாறு ஆகவில்லை. சாதியின் பெயரால் ஒருசாரார் கிணற்று நீரினின்றும், தேநீர்க் கடையினின்றும், கோயில் வாயிலினின்றும் விலக்கி வைக்கப்பட்டனர். இக்கொடுமையைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்த பின்னரும் அதனை நடைமுறையாக்க நெடுங்காலப் போராட்டம் வேண்டியிருந்தது. பொதுவழியில் உள்ள பொருள் தானாகவே பொதுப்பொருள் ஆகிவிடாது. அதனைப் பொதுவாக்க ஒரு முடிவும், அம்முடிவைக் காக்க ஒரு முறையும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன்னிக் காட்டினூடே புகையிரதப் பாதை அமைந்தது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடியான ஓட்டம் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். அதே காலத்திற் களனிப் பள்ளத்தாக்கில் அமைந்த பாதையோ 2 அடி 6 அங்குல அகலமே உடையது. ஆதலால் ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு பாதையின் பெட்டி மற்றப் பாதையில் ஓடமாட்டாது. வன்னிக்கு மேற்கே இதனினும் வியப்பான நிலை ஒன்று இருந்தது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாரும் தனுஷ்கோடியும் கப்பல் வழியாக இணைக்கப்பட்டபோது, இக்கரையில் 5 அடி 6 அங்குலப் பாதையும், அக்கரையில் ஒரு மீற்றர்ப் பாதையும் இருந்தன. கடலுக்கு மேலே பாலம் ஒன்று கட்டப்பட்டிருப்பினும் சென்னையிற் புறப்பட்ட பெட்டி அவ்வாறே கொழும்பை அடைந்திருக்க முடியாது. இரு கரைகளையும் பிரித்தது கடல் மட்டும் அன்று, அளவையும் பிரித்தது. அளவு ஒன்றாகாத இடத்தில் வழி ஒன்றாகாது என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

பெற்றோலின் வரலாறு வேறு வகையானது. இலங்கையில் எண்ணெய் வணிகம் நெடுங்காலம் ஷெல், கல்டெக்ஸ், ஸ்டாண்டர்ட் வக்யூம் ஆகிய அந்நியக் கம்பனிகளின் கையில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் அமைச்சராயிருந்த டி. பி. இலங்கரத்தினா இம்முயற்சியில் முன்னின்றார். கம்பனிகளின் நிலையங்கள் கையேற்கப்பட்டன. நட்டஈடு பற்றிய பிணக்கினால் 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1965ஆம் ஆண்டில் அப்பிணக்குத் தீர்ந்தது. நாற்பது ஆண்டுகளின் பின், 2003இல் லங்கா ஐ.ஓ.சி. என்னும் இந்திய நிறுவனமும், 2023இல் சீனாவின் சினோபெக் நிறுவனமும் இச்சந்தைக்கு வந்தன.

இம்மாற்றங்களிடையே ஒன்று மட்டும் மாறவில்லை. ஷெல் நிலையத்துக்கு வந்த ஒஸ்ரின் வண்டியும் மொறிஸ் வண்டியும் அதே குழாயால் எண்ணெய் பெற்றன. நிலையத்தின் உடைமை பற்றிக் கம்பனிகளும் அரசுகளும் போட்டியிட்டன. வண்டியின் பெயர் பற்றி எவரும் கேட்கவில்லை. மோட்டார் வண்டி உலகெங்கும் பரவியதற்கு இச்சொல்லப்படாத உடன்பாடும் ஒரு காரணமாகும்.

எரிபொருள் இல்லாத வாழ்வு எத்தகையது என்பதை வன்னி மக்களைப் போல அறிந்தவர் சிலரே. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போரோடு யாழ்தேவியின் வடக்கு ஓட்டம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டன. மின்சாரம் அற்றது; பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மக்கள் சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, பின் மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓட்டினர். பழைய மொறிஸ் மைனரும் ஏ நாற்பதும் கரும்புகையோடு நோயாளரைச் சுமந்து சென்றன. 2002இல் திறந்த கண்டி வீதி 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபோது வன்னியில் வீதியும் பாதையும் மின்கம்பமும் புதிதாய் அமைக்கப்பட வேண்டியவையாய் இருந்தன.

அவை படிப்படியாக அமைந்தன. இந்தியக் கடனுதவியோடு இர்கோன் நிறுவனம் அமைத்த புகையிரதப் பாதை 2013ஆம் ஆண்டு செப்டம்பரிற் கிளிநொச்சியையும், 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. யப்பானிய உதவியோடு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயர் அழுத்த மின்வழி நீண்டது. அங்கிருந்து சுன்னாகம் வரை மற்றொரு மின்வழி சென்று, வடக்கு மீண்டும் தேசிய மின்வலையோடு இணைந்தது. பளையிலே காற்றாலைகள் எழுந்தன. மன்னாரில் 2020ஆம் ஆண்டு முடிவில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணை முப்பது சுழலிகளைக் கொண்டது. மண்ணெண்ணெய்க்கு ஏங்கிய நிலத்தின் அருகிலேயே காற்று மின்சாரமாகத் தொடங்கியது.

இதே காலத்திலேதான் மின்சார மோட்டார் வண்டிகள் இலங்கைக்கு வந்தன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரி குறைவாயிருந்தமையால் யப்பானில் ஓடிய நிசான் லீப் வண்டிகள் பெருந்தொகையாக இறக்குமதியாயின. பின்னர் வரி உயர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எண்ணெய்க்காக மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டும் நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வண்டிகளின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், சீனத்திற் செய்த மின்வண்டிகள் பல வரத் தொடங்கின.

இவ்வண்டிகளுக்கு வன்னி ஓர் உரைகல் ஆகும். பழைய லீப் வண்டியின் மின்கலம் 24 கிலோவாற்று மணி கொள்ளளவு உடையது. புதிதாய் இருக்கும்போது அது ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தால் ஏறக்குறைய 120 முதல் 135 கிலோமீற்றர் வரை ஓடும். மின்கலம் முதுமை எய்தினால் அத்தூரம் மேலும் குறையும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஆகவே வவுனியாவில் நிறைய ஏற்றிக்கொண்டு புறப்படும் பழைய வண்டியும் வன்னியிலே ஓரிடத்தில் நின்று மின்சாரம் பெற்றே தீரவேண்டும். முன்னாளிற் சுமைகாரன் சுமையை இறக்கிவைக்க இடம் தேடிய அதே வழியில், இன்று மின்வண்டி தன் இடத்தைத் தேடுகின்றது.

மின்சாரம் எங்கும் ஒன்றுதானே, எந்த வண்டியும் எங்கும் பெறலாமே என்று நேயர்கள் வினவக்கூடும். வீட்டு மின்சாரத்தைப் பொறுத்தவரை அஃது ஓரளவுக்கு உண்மையே. வீட்டில் வருவது ஆடலோட்ட மின்சாரம். வண்டிக்குள் உள்ள கருவி அதனை நேரோட்டமாக்கி மெல்ல மெல்ல மின்கலத்தில் ஏற்றும். பழைய லீப் வண்டி நிறைய ஒரு முழு இரவு வேண்டும். விரைவு மின்னேற்ற நிலையமோ மாற்றும் வேலையைத் தானே செய்து, 50 கிலோவாற்றோ அதற்கு மேலோ ஆன வலுவோடு நேரோட்டத்தை மின்கலத்துக்கே செலுத்துகின்றது. அரை மணியில் அவ்வண்டியின் கொள்ளளவில் எண்பது வீதம் நிரம்பும். இவ்வளவு வலுவைத் தீங்கின்றிச் செலுத்த, நிலையமும் வண்டியும் கணந்தோறும் ஒன்றோடொன்று செய்தி பரிமாற வேண்டும். செருகியின் வடிவமும் செய்தியின் மொழியும் பொருந்தாவிடின் ஒரு துளி மின்சாரமும் பாயாது.

இம்மொழிகள் பலவாயின. யப்பானிய நிறுவனங்கள் 2010இல் ‘சாடெமோ’ என்னும் முறையை ஏற்படுத்தின. ‘தேநீர் அருந்தலாமா’ என்னும் யப்பானியத் தொடரின் எதிரொலி அப்பெயரில் உண்டு. தேநீர் அருந்தும் நேரத்தில் வண்டி நிரம்பும் என்பது குறிப்பு. செர்மானிய, அமெரிக்க நிறுவனங்கள் ‘சி.சி.எஸ்.’ என்னும் மற்றொரு முறையை வகுத்தன. சீனம் தனக்கெனத் தனிமுறை வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனமோ தன் வண்டிக்கு மட்டும் பொருந்தும் செருகியோடு, 2012ஆம் ஆண்டு செப்டம்பரிற் கலிபோர்னியாவில் ஆறு நிலையங்களைத் திறந்தது. வண்டியையும் நிலையத்தையும் ஒரே கை அமைத்தமையால் அவை பிசகின்றி இயங்கின. மற்ற வண்டிகளை உடையோர் பழுதான நிலையங்களின் முன்னே காத்திருக்க, டெஸ்லாவை உடையோர் நெடும்பயணம் சென்றனர். நிலையங்களே வண்டியை விற்றுக் கொடுத்தன எனின் மிகையாகாது.

இத்தகைய செல்வத்தை எவரும் எளிதிற் பிறரோடு பகிர்ந்துகொள்வரா? பகிரச் செய்த காரணங்கள் மூன்று. முதலாவது சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டிலேயே பொது நிலையங்களுக்குரிய செருகி இதுவென ஒன்றை வகுத்தது; டெஸ்லாவும் அங்கே அச்செருகியையே ஏற்றது. பின்னர், 2021ஆம் ஆண்டு நவம்பரில் நெதர்லாந்திற் பத்து நிலையங்களை மற்ற வண்டிகளுக்கும் சோதனையாகத் திறந்தது. இரண்டாவது அரசின் பணம். ஐக்கிய அமெரிக்கா மின்னேற்ற நிலையங்களுக்கு 750 கோடி டொலரை ஒதுக்கி, அப்பணத்தைப் பெறுவோர் எல்லா வகை வண்டிகளையும் ஏற்க வேண்டும் என்று விதித்தது. மூன்றாவது வணிகம். டெஸ்லா 2022ஆம் ஆண்டு நவம்பரிற் தன் செருகியின் அமைப்பை உலகறிய வெளியிட்டது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்ட் நிறுவனமும், ஜூன் மாதத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமும் அதனை ஏற்றன, ஏனையோர் பின்தொடர்ந்தனர். ஒரு கம்பனியின் செருகி பொறியியலாளர் சங்கத்தின் பொது அளவாக உயர்ந்தது. புதிய வண்டிகள் வரவரக் கட்டணமும் பெருகும் என்பதை உடையவர் கணக்கிட்டனர்.

தமிழ்நாட்டிலும் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கற்ற தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் என்னும் இருவர் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனம், ஒசூரிலுள்ள தொழிற்சாலையில் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கின்றது. அது தன் வண்டிகளுக்கென அமைத்த விரைவுச் செருகியை 2021இல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஹீரோ நிறுவனத்தின் விடா ஸ்கூட்டர்கள் அதனை ஏற்றன. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அச்செருகியை நாட்டின் தரங்களுள் ஒன்றாக்கியது. இளைய நிறுவனம் ஒன்று தன் கதவைத் தானே திறந்து, அதனால் நாட்டின் அளவுகோலையே அமைத்தது.

மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். தன் பணத்தாற் கேணி வெட்டியவன், வெட்டாதவனுக்கும் நீர் கொடுக்க வேண்டுமா என்னும் வாதம் வெறுத்தொதுக்கத்தக்கதன்று. முன்வந்து முதலிடுவோருக்குப் பயன் இல்லையெனின் எவரும் முன்வரார். திறந்தபின் வரிசை நீண்டது. வண்டிதோறும் செருகும் துளை வெவ்வேறு பக்கத்தில் இருந்தமையால் வடம் எட்டாத வண்டிகள் இரண்டு இடங்களை அடைத்து நின்றன. பழைய வாடிக்கையாளர் முணுமுணுத்தனர். மேலும், 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் டெஸ்லா தன் மின்னேற்றப் பகுதியிலிருந்த ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஒரே முறையில் நீக்கியபோது, அந்நிலையங்களை நம்பியிருந்த மற்ற நிறுவனங்கள் திகைத்தன. பின்னர்ச் சிலர் மீள அழைக்கப்பட்டனர். ஆயினும் ஒருவர் மனம் வைத்துத் திறந்த கதவு அவர் மனம் மாறின் அடைபடலாம் என்னும் அச்சம் நீங்கவில்லை. ஐரோப்பா இதனை உணர்ந்து, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதியால், உறுப்பினராகாத வழிப்போக்கரும் பணம் செலுத்தி மின்சாரம் பெறும் உரிமையை நிலையங்களின் கடமையாக்கியது.

இவ்வரலாறு வன்னிக்குக் கூறுவது யாது? கொழும்பிலே ஒரு வீதியில் நான்கு கம்பனிகள் நான்கு நிலையங்களை அமைத்தல் கூடும். ஒன்று பொருந்தாவிடின் மற்றொன்று பொருந்தும். மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ ஒரு நிலையம் பிழைப்பதே அரிது. அந்த ஒன்று ஒரு கம்பனியின் வண்டிக்கு மட்டும் உரியதாயின், ஏனைய வண்டிகளுக்கு அங்கே நிலையம் இல்லை என்பதே பொருள். மருத்துவமனைக்கு நோயாளரை ஏற்றிச் செல்பவருக்கும், நெல்லும் மீனும் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கும் அவ்வில்லாமை சிறு குறையன்று. அன்றியும், இங்குள்ள வண்டிகள் ஒரு தலைமுறையைச் சேர்ந்தவை அல்ல. சாடெமோச் செருகியுடைய பழைய யப்பானிய வண்டி ஏழை நடுத்தரக் குடும்பத்தின் கையில் இருக்கும். ஐரோப்பிய வகைச் செருகியுடைய புதிய வண்டி வசதியுடையவர் கையில் இருக்கும். புதியதற்கு மட்டும் நிலையம் அமைப்பின், கிணற்றடியில் ஒருகாலத்தில் நிகழ்ந்த விலக்கு வேறு பெயரில் மீளும்.

ஆதலால், இப்பகுதியில் மின்னேற்ற நிலையம் அமைக்க முன்வருவோரிடம், நிலமும் மின்னிணைப்பும் அளிக்கும் பிரதேச சபையும் மின்சாரத் துறையினரும் மூன்று வினாக்களைக் கேட்டல் தகும். அங்கே எந்த வகைச் செருகிகள் இருக்கும்? முன்பின் அறியாத வழிப்போக்கர் எவ்வாறு பணம் செலுத்துவர்? நிலையம் பழுதாயின் எத்தனை நாளிற் திருத்தப்படும், அதற்குப் பொறுப்பாளர் யார்? இவற்றின் விடைகள் நிலையம் எழுந்தபின் பேச்சளவில் அல்லாமல், எழுமுன் ஒப்பந்தத்தில் எழுத்தளவில் இருத்தல் வேண்டும். தண்டவாளத்தின் அகலத்தைப் பின்னர் மாற்றுதல் எத்துணைச் செலவு என்பதைக் களனிப் பள்ளத்தாக்கின் பாதை அறியும். 1902இல் தொடங்கிய அதன் குறுகிய அகலத்தை மாற்ற 1990களின் வரை காத்திருக்க நேர்ந்தது.

வன்னியின் காற்றாலும் வெயிலாலும் பிறக்கும் மின்சாரம் வன்னி வழியே செல்லும் எந்த வண்டிக்கும் கிடைத்தல் வேண்டும். முறிகண்டியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்கும் சாரதி, அந்த இடைவெளியிற் தன் வண்டிக்கும் மின்சாரம் பெற்றுப் புறப்படும் நாள் தொலைவில் இல்லை. அந்நாள் வருமுன் அதற்குரிய விதியை வகுத்தல் இன்றுள்ளோரின் கடன் ஆகும்.